கைக்கு அளவான மணிக்கூடு எது? வன்னியில் இருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். விலை கேட்டவர்கள் குறை நினைக்க வேண்டாம். இன்று சொல்லும் விலை அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

பரந்தனில் இருந்து ஒரு தம்பி: கனடாவில் இருக்கிற அண்ணா 46 மில்லிமீற்றர் மணிக்கூடு ஒன்று அனுப்பினவர். என் மணிக்கட்டுச் சுற்றளவு 6 அங்குலம். கட்டினால் கையில் தட்டு வைத்த மாதிரி இருக்கு. எனக்கு எத்தனை மில்லிமீற்றர் சரி?

தம்பி, விட்டத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். பட்டி மாட்டுகிற நாலு கால்கள் இருக்கே, அதில் மேல் காலின் நுனியில் இருந்து கீழ்க் காலின் நுனி வரைக்கும் உள்ள நீளம்தான் முக்கியம். இதைக் கால் நீளம் என்றே சொல்கிறேன். இனி உங்கள் கையை அளவுங்கோ. உள்ளங்கை கீழே பார்க்க மேசையில் வைத்து, மணிக்கட்டின் மேற்பக்கம் எங்கே வளையத் தொடங்குது என்று இரண்டு பக்கமும் பேனையால் புள்ளி போடுங்கோ. இரண்டு புள்ளிக்கும் இடையில் அடிமட்டத்தை வைத்தால் வருவதுதான் உங்கள் தட்டை அகலம். கால் நீளம் அதற்குள் அடங்கவேணும். கால்கள் இரண்டு பக்கமும் அந்தரத்தில் நின்றால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அது இரவல் மணிக்கூடு போலத்தான் தெரியும்.

விட்டம் எப்படி ஏமாற்றும் என்றதுக்கு ஒரு உதாரணம். செய்கோ எஸ்கேஎக்ஸ்007 ஏறத்தாழ 42 மில்லிமீற்றர், ஆனால் கால் நீளம் 46 தான். அதனால் மெலிந்த கையிலும் அது உட்காரும். அதே கொம்பனியின் பழைய எஸ்என்கே809 இன் விட்டம் 37, கால் நீளம் 43. உங்கள் ஆறு அங்குலக் கைக்கு இந்த அளவில் தேடுங்கோ. விட்டம் 36 முதல் 39, கால் நீளம் 46 க்கு மேல் போகாமல், தடிப்பு 12 க்குள்.

இன்னும் இரண்டு விசயம். வெள்ளை முகம் கறுப்பு முகத்தைவிடப் பெரிதாகத் தெரியும். விளிம்பு வளையம் இல்லாமல் முழுக்க முகமாகவே இருக்கிற மணிக்கூடும் அப்படித்தான். ஸ்டீல் செயினில் முதல் துண்டு மடங்காமல் விறைத்து நின்றால் அதையும் சேர்த்து அளவுங்கோ. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

அண்ணா அனுப்பியதை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. மென்மையான துணிப்பட்டி போட்டால் பாரம் கொஞ்சம் குறையும், அளவு குறையாது.

மல்லாவியில் இருந்து ஒரு ஆசிரியை: பெண்களுக்கென்று விற்கிற சின்ன மணிக்கூட்டில் நேரம் பார்க்கக் கண் வலிக்குது. ஆம்பிளையளின்ரை மணிக்கூடு கட்டினால் வடிவாக இருக்குமா?

வடிவாக இருக்கும் அக்கா. 1950களில், 60களில் ஆண்கள் கட்டினதே 33 முதல் 36 மில்லிமீற்றர் வரைதான். அந்த அளவை இன்றைக்குப் 'பொது அளவு' என்று விற்கிறார்கள். 34 அல்லது 36 எடுங்கோ, எண்கள் தடித்து எழுதியதாக, முள்ளும் முகமும் எதிர் நிறமாக இருக்கட்டும். வெள்ளி முகத்தில் வெள்ளி முள் இருந்தால் வகுப்பறை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். காப்பு அடுக்கிப் போடுகிற கையில் மட்டும் கட்டவேண்டாம். கண்ணாடியும் கீறும், காப்பும் தேயும்.

முருங்கனில் இருந்து ஒரு விவசாயி: வயலுக்குள் இறங்கும்போதும் லான்ட்மாஸ்டர் உழவு யந்திரம் பிடிக்கும்போதும் கட்டக்கூடியது எது? மகன் ஓட்டோமற்றிக் நல்லது என்கிறான்.

மகன் சொல்வது கந்தோருக்குப் போகிற கைக்குச் சரி ஐயா. ஓட்டோமற்றிக்கின் உள்ளே அரைவட்டப் பாரம் ஒன்று சுழன்றுதான் சுருளை இறுக்கும். லான்ட்மாஸ்டரின் கைபிடி நடுக்கம் மணிக்கணக்காக அதில் ஏறினால், அந்தப் பாரத்தைப் பிடித்திருக்கிற திருகாணி தளரும், நேரமும் ஓடும். வயலுக்கு இலக்க மணிக்கூடுதான். கசியோவின் ஜி-ஷொக் 1983 இல் வந்ததே விழுந்தாலும் உடையாத மணிக்கூடு வேண்டும் என்ற எண்ணத்தில்தான். சதுர டிடபிள்யூ-5600 எடுத்தால் 200 மீற்றர் நீர்த்தாங்கு திறன் இருக்கு, சேற்றைக் கிணற்றடியிலேயே கழுவலாம். ஆனால் அதன் நீளம் 49 மில்லிமீற்றருக்குக் கிட்ட. தட்டை அகலத்தை முதலில் பாருங்கோ. பெரிதென்றால் அதே கசியோவின் எஃப்-91டபிள்யூ போதும். 21 கிராம், ஒரு சிஆர்2016 பற்றரி, ஏழு வருசம் ஓடும் என்று கொம்பனியே சொல்லுது. முகம் கழுவலாம், கிணற்றுக்குள் குதிக்கக்கூடாது.

பழுதாக்குகிறது சேறு அல்ல. நுளம்புக்குப் பூசுகிற எண்ணெயும் மருந்தடிக்கும்போது கையில் படுகிற இரசாயனமும் பிளாஸ்ரிக் உடலையும் பட்டியையும் பிசுபிசுக்க வைத்து வெடிக்கச் செய்யும். மருந்தடிக்கிற நாளில் கழற்றி வையுங்கோ. வைக்கிற இடம் உழவு யந்திரத்தின் பொனற்றாக இருக்கக்கூடாது. அந்தச் சூட்டில் திரை கறுத்துப்போகும்.

முல்லைத்தீவு, கடற்றொழில் செய்யும் ஒருவர்: பின்மூடியில் 30 மீற்றர் என்று எழுதியிருக்கு. நான் இரண்டு மீற்றருக்குக் கீழே போகிறதே இல்லை. இருந்தும் ஆறு மாதத்தில் கண்ணாடிக்குள் நீராவிப் புகார். ஏன்?

அண்ணை, அந்த 30 மீற்றர் ஆழம் அல்ல. அசையாத நீரில் செய்கிற அழுத்தச் சோதனையின் கணக்கு. 30 மீற்றர் என்றால் மழைத்துளியும் கை கழுவுவதும்தான். 50 என்றால் குளிக்கலாம். 100 க்கு மேல்தான் நீந்துகிற கதை. கடலில் நிற்கிறவருக்கு 200 மீற்றரும், திருகி இறுக்குகிற சாவித்திருகும் (நேரம் மாற்றச் சுற்றுகிற பக்கக் குமிழ்) வேண்டும். சுழியோடிகளுக்கான தரம் ஐஎஸ்ஓ 6425. சாதாரண நீர்த்தாங்கு மணிக்கூட்டுக்கு ஐஎஸ்ஓ 22810. பின்மூடியில் 'டைவர்ஸ்' என்ற சொல்லும் 200 என்ற எண்ணும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கோ.

உங்களுக்குப் புகார் வந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கும். வள்ளத்தில் வெயிலில் காய்ந்த மணிக்கூடு திடீரென்று தண்ணிக்குள் போனால் உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கும். றப்பர் வாசர் காய்ந்திருந்தால் அந்த இடைவெளியால் ஈரத்தை உறிஞ்சிவிடும். பற்றரி மாற்றும்போது பழைய வாசரையே திரும்பப் போட்டு மூடிவிடுவார்கள், அங்கேதான் பிழை. புது வாசர் போடச் சொல்லி, அதற்குச் சிலிக்கன் கிறீஸ் மெல்லிசாகத் தடவச் சொல்லுங்கோ.

கசிவு இருக்கா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பின்மூடி இளஞ்சூடாகும்வரை, 40 பாகை அளவில், மணிக்கூட்டைச் சூடாக்குங்கோ. கண்ணாடியில் ஒரு துளி குளிர்ந்த தண்ணி விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கோ. உட்பக்கத்தில் புகார் நின்றால் உள்ளே ஈரம் இருக்கு. நெருப்பில் காட்டவோ கொதிநீரில் போடவோ கூடாது.

கடலால் வந்த உடனே நல்ல தண்ணியில் கழுவவேணும். நந்திக்கடல் என்றாலும் பெருங்கடல் என்றாலும் உப்புக்கு வித்தியாசம் தெரியாது. துருவேறாத ஸ்டீல் என்று நம்பவும் வேண்டாம். பட்டிக்கும் உடலுக்கும் இடையில் உப்பு தங்கினால் அதிலும் சின்னச் சின்னக் குழி விழும். பட்டியைப் பிடிக்கிற ஸ்பிரிங் ஊசி உப்பில் இற்றுப்போய், வலை இழுக்கும்போது மணிக்கூடு கடலுக்குப் போன கதைகள்தான் கூட. வருசத்துக்கு ஒருக்கா ஊசியை மாற்றுங்கோ, அதன் விலை ஒரு பிளேன்ரீக் காசு. அல்லது ஒரே துண்டாக உடலுக்குக் கீழால் போகிற நைலோன் பட்டி போடுங்கோ. ஒரு ஊசி அறுந்தாலும் மற்றது பிடிக்கும்.

வவுனியாவில் இருந்து ஒரு தாதி: நாடி பிடிக்க விநாடி முள் தெளிவாக வேணும். என்ன பார்க்கவேணும்?

தங்கச்சி, விநாடிக் கோடுகள் அறுபதும் அச்சிட்டிருக்கவேணும், முள்ளின் நுனி அந்தக் கோட்டைத் தொடவேணும். பற்றரியில் ஓடுகிற குவாட்ஸ் எடுங்கோ, விநாடிக்கு ஒரு துடிப்பாக நகரும், எண்ண இலகு. தோல்பட்டி வேண்டாம், கிருமிநீக்கி அதைத் தின்னும். சிலிக்கன் நல்லது. விடுதிக்குள் மணிக்கட்டில் எதுவும் கட்டக்கூடாது என்ற விதி இருந்தால், சட்டையில் குத்துகிற தொங்கு மணிக்கூடுதான் வழி.

புதுக்குடியிருப்பில் இருந்து ஒருவர்: அப்பா கட்டின சாவி கொடுக்கிற எச்எம்ரி இருக்கு. முகம் மங்கி, புள்ளி விழுந்திட்டுது. முகத்தைப் புதிதாக அச்சடித்து உடலைப் பொலிஷ் பண்ணலாமா?

பண்ணவேண்டாம். இந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேணும்.

எச்எம்ரி இந்திய அரசின் நிறுவனம். 1961 இல் ஜப்பானின் சிற்றிசனோடு சேர்ந்து பெங்களூரில் மணிக்கூடு செய்யத் தொடங்கியது. 2016 இல் மணிக்கூட்டுப் பிரிவு மூடப்பட்டது. மூடின பிறகு விலை ஏறினதால், பழைய இயந்திரத்தில் புதிதாக நிறமடித்த முகத்தைப் போட்டு விற்கிற கூட்டம் ஒன்று உருவானது. கண்ணைப் பறிக்கிற மஞ்சளும் செம்மஞ்சளும் நீலமும், அதில் கோணலாக எழுத்து. சேகரிக்கிறவர் அதைக் கண்டவுடனேயே கீழே வைத்துவிடுவார். உங்கள் அப்பாவின் மங்கின முகம் அந்தக் கூட்டத்தில் சேராத அசல். அதை அழித்து அச்சடித்தால் நீங்களே காசு கொடுத்துப் போலியாக்கின மாதிரி. பொலிஷும் அப்படித்தான். கால்களின் கூர்விளிம்பு ஒருமுறை உருண்டால் திரும்ப வராது.

செய்யவேண்டியது சேர்விஸ் மட்டும். முழுக்கக் கழற்றி, கழுவி, எண்ணெயிட்டுப் பூட்டவேணும். மூடியைத் திறந்து எண்ணெயை மட்டும் விட்டு மூடுகிறவரிடம் கொடுக்காதேங்கோ. பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து அரைக்கும் மாவாகிச் சக்கரத்தின் அச்சைத் தேய்க்கும். கழற்றுமுன் முகத்தையும் இயந்திரத்தையும் படம் எடுத்து வையுங்கோ, மாற்றின பாகத்தைத் திருப்பித் தரவேணும் என்று முதலிலேயே சொல்லுங்கோ. அந்தக் காலத்துக் கண்ணாடி அநேகமாக அக்கிறிலிக். அதிலுள்ள மெல்லிய கீறலைப் பற்பசையும் பஞ்சுத்துணியும் கொண்டு ஐந்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தே போக்கலாம். இந்த வித்தை உண்மையான கண்ணாடியில் பலிக்காது.

சேர்விஸ் ஆனபின் தினமும் ஒரே நேரத்தில், தடை தெரியும்வரை சாவி கொடுங்கோ. தடைக்கு அப்பால் முறுக்கவேண்டாம். நாளுக்கு அரை நிமிடம் முன்னுக்கோ பின்னுக்கோ போனால் அந்த வயதுக்கு அது குறை அல்ல.

எச்எம்ரி அல்லாத, 1960களுக்கு முந்திய சுவிஸ் மணிக்கூடு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இருட்டில் ஒளிர்ந்த முள்ளிலும் எண்களிலும் ரேடியம் இருக்கலாம். இப்போது ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சுப் போகாது, அதன் அரைவாழ்வு 1600 வருசம். அதைத் திறந்து சுரண்டவோ ஊதவோ கூடாது.

கிளிநொச்சி: சந்தையில் 'ஜப்பான் மூவ்ற்' என்று எழுதின ரோலெக்ஸ் மலிவாகக் கிடைக்குது. இயந்திரம் ஜப்பான்தானே, வாங்கலாமா?

உண்மையான ரோலெக்சில் ஜப்பான் இயந்திரம் இருக்காது, ஆகவே அந்த எழுத்தே அதைக் காட்டிக்கொடுக்குது. அந்தச் சொல் இயந்திரத்தை மட்டும்தான் குறிக்கும், மணிக்கூடு எங்கே செய்தது என்று சொல்லாது. போலியின் பொன்பூச்சு நம்மட வேர்வைக்கு மாதக்கணக்கில் வெளுக்கும். அதே காசுக்குச் சொந்தப் பெயரோடு வருகிற கசியோவோ சிற்றிசனோ எடுங்கோ. எஃப்-91டபிள்யூவிலும் போலி இருக்கு. வலப்பக்கப் பொத்தானை மூன்று விநாடி அமுக்கிப் பிடித்தால் திரையில் கசியோ என்ற பெயர் வரவேணும். வராவிட்டால் போலி. வந்தால் மட்டும் அசல் என்று முடிவெடுக்கவும் ஏலாது.

வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்: சேகரிக்க ஆசை. எதில் தொடங்குவது? எத்தனை போதும்?

மூன்று. வேலைக்கு ஒன்று, மழைக்கும் வெயிலுக்கும் ஒன்று, கலியாணவீட்டுக்கு ஒன்று. நாலாவதை வாங்குமுன் மூன்றில் எதைக் கட்டவில்லை என்று பார்த்து அதைக் கைமாற்றுங்கோ. ஓட்டோமற்றிக் பழக செய்கோ 5 வரிசை நல்லது. 1963 இல் தொடங்கியது, கிழமையும் திகதியும் ஒரே சாளரத்தில் இருக்கும். பழையவற்றில் சாவித்திருகு நாலு மணிப் பக்கம் இருப்பதால் கைமுட்டியில் குத்தாது. அவற்றில் இருக்கிற 7எஸ்26 இயந்திரத்துக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. அரை நிமிடம் பக்கவாட்டில் ஆட்டிக் கட்டவேணும். நாளுக்கு 20 விநாடி பிந்தினாலும் 40 விநாடி முந்தினாலும் கொம்பனிக் கணக்கில் அது சரிதான். இதைப் பொறுக்க முடியாதவர் குவாட்ஸோடு நிற்கலாம், அதில் வெட்கமில்லை.

வாங்குமுன் பட்டி அகலம் பாருங்கோ. 18, 20, 22 என்றால் எங்கும் கிடைக்கும். ஓறியன்ற் பம்பினோவின் 40.5 மில்லிமீற்றர் மாதிரி வடிவுதான், ஆனால் பட்டி 21. ஒவ்வொரு முறையும் தேடி அலைவீர்கள். மூன்றுக்கும் ஒரே அகலம் வைத்தால் இரண்டு பட்டியை மாற்றி மாற்றியே ஆறு தோற்றம் எடுக்கலாம்.

மாங்குளம்: கட்டாத மணிக்கூடுகளை மாரியில் எப்படி வைப்பது?

ஐப்பசி தொடக்கம் தோல்பட்டியில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கோ. அரிசிக்குள் புதைக்கிற பழக்கத்தை விடுங்கோ, தவிடு சாவித்திருகின் இடுக்கில் ஏறும். ஆறு மாதத்துக்கு மேல் கட்டாத குவாட்சில் பற்றரியைக் கழற்றிவிடுங்கோ. மலிவான அல்கலைன் எல்ஆர்626 ஒழுகி உள்ளே பச்சை பிடிக்கும். கட்டுகிறபோது அதே அளவில் சில்வர் ஒக்சைட் எஸ்ஆர்626 போடுங்கோ. சூரிய ஒளியில் ஓடுகிற மணிக்கூட்டை மட்டும் டப்பாவில் அடைக்காமல் யன்னலோரம் வையுங்கோ. அதற்குள் இருப்பது மின்னேற்றுகிற கலம். பழுதானால் அதே இலக்கக் கலம்தான் போடவேணும், சாதாரண பற்றரி போட்டால் வீங்கி ஒழுகும்.

ஒட்டுசுட்டான்: இரவில் திகதி மாற்றினேன், இப்போது திகதி பகல் 12 மணிக்கு மாறுது. உடைந்ததா?

பகலில் மாறுவது உடைவல்ல, பன்னிரண்டு மணிநேரம் தள்ளி வைத்திருக்கிறீர்கள். மணி முள் ஒரு முழுச்சுற்று வரும்வரை முன்னுக்குச் சுற்றுங்கோ. ஆனால் இரவு 9 இல் இருந்து அதிகாலை 4 வரை விரைவுத் திகதியை, அதாவது முள்ளைச் சுற்றாமல் திகதியை மட்டும் மாற்றுகிற வசதியை, தொடவேண்டாம். அந்நேரம் திகதிச் சக்கரத்தின் பல் கொழுவி நிற்கும், திருகினால் முறியும். எப்போதும் முள்ளை ஆறு மணிக்கு இறக்கிவிட்டுத் திகதியை மாற்றுங்கோ.