அதே எண்ணிக்கை, கூடுதல் லாபம்: லாரி நிறுவனக் கணக்கு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அசோக் லேலண்ட் நிறுவனம் 2018-19இல் விற்ற வாகனங்களைவிட 2024-25இல் விற்றவை சற்றுக் குறைவுதான். ஆனாலும் வருமானமும் லாபமும் வெகுவாக உயர்ந்திருக்கின்றன. இது எப்படிச் சாத்தியம்?

பதில்: நல்ல கேள்வி. எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிடுபவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை. 2018-19இல் நிறுவனம் விற்றது 1,97,366 வாகனங்கள். வருமானம் சுமார் 29,055 கோடி ரூபாய். வரிக்குப் பிந்தைய லாபம் 1,983 கோடி. 2024-25இல் விற்றது 1,95,093 வாகனங்கள். வருமானம் சுமார் 38,753 கோடி. லாபம் 3,303 கோடி. மொத்த வருமானத்தை வாகன எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு வண்டிக்கு ஏறக்குறைய 14.7 லட்சமாக இருந்தது 19.9 லட்சமாகியிருக்கிறது. உதிரி பாகம், எஞ்சின், ராணுவ வாகனம் ஆகியவற்றின் வருமானமும் இதில் கலந்திருப்பதால் இது துல்லியமான விலைக் கணக்கு அல்ல. ஆனால் போக்கு எந்தப் பக்கம் என்பதை இது தெளிவாகக் காட்டிவிடும்.

வண்டியின் விலை உயர்ந்ததற்கு முதற்காரணம், இடைப்பட்ட காலத்தில் வண்டியே மாறிவிட்டது. 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பி.எஸ்.-6 என்ற புகை மாசு விதியால் புகைபோக்கியில் வடிகட்டி, வினையூக்கி, யூரியா தொட்டி, உணரிகள், அவற்றை ஆளும் மின்னணுப் பெட்டி ஆகியவை புதிதாகச் சேர்ந்தன. ஆனால் விலை உயர்வு மட்டும் லாபத்தைக் கொண்டுவந்துவிடாது. 2022-23இலேயே வருமானம் 36,144 கோடியை எட்டியிருந்தும், வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கும் முன் உள்ள செயல்பாட்டு லாபம் வருமானத்தில் 8.1 சதவீதமாகத்தான் இருந்தது. 2024-25இல் அது 12.7 சதவீதம். விற்பனையைக் கூட்டுவதற்காகத் தள்ளுபடியை அள்ளிக் கொடுக்கும் வழக்கத்தில் காட்டிய கட்டுப்பாடு, மூலப்பொருள் செலவு தணிந்தது, எடை கூடிய வண்டிகளின் பங்கு உயர்ந்தது, ஏற்றுமதியும் உதிரி பாகமும் வளர்ந்தது எல்லாம் இதற்குள் அடங்கும். நான் இவற்றில் தள்ளுபடிக் கட்டுப்பாட்டையே முக்கியமாகக் கருதுகிறேன்; ஏனெனில் எஃகு விலை நிறுவனத்தின் கையில் இல்லை, தள்ளுபடி அதன் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் விற்பனையில் ஏன் அவ்வளவு பெரிய சரிவு? கொரோனாதான் காரணமா?

பதில்: கொரோனா வருவதற்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரி அச்சுகளின் சுமை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. பத்து லாரி வைத்திருந்த உரிமையாளருக்குப் புதிதாக ஒன்று வாங்காமலேயே ஒன்றுக்கும் மேற்பட்ட லாரியின் சுமைத்திறன் கூடுதலாகக் கிடைத்துவிட்டது என்றால், அவர் ஏன் புதிய சேஸிஸுக்கு முன்பணம் கட்டப் போகிறார்? அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் தான் வாங்கிய கடனுக்குத் தவணை தவறியதும், லாரிக் கடனுக்கு ஆதாரமான நிதி நிறுவனங்களின் கை இறுகியது. இவற்றின் மேல்தான் ஊரடங்கு வந்து விழுந்தது. 2020-21இல் விற்பனை 1,00,715 வாகனங்களாகச் சுருங்கி, நிறுவனம் சுமார் 314 கோடி ரூபாய் நட்டம் கண்டது. நாடு முழுவதும் சரக்கு எவ்வளவு ஓடுகிறது, வாடகை கட்டுபடியாகிறதா, வட்டி எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்துதான் லாரித் தொழிலின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கின்றன. ஆலைக்குள் எவ்வளவு திறமை இருந்தாலும் இந்த அலையிலிருந்து முழுமையாகத் தப்ப முடியாது.

கேள்வி: பி.எஸ்.-4 காலத்தில் யூரியா ஊற்றத் தேவையில்லாத லாரியை இதே நிறுவனம் விற்றது. பி.எஸ்.-6இல் மட்டும் யூரியா ஏன்?

பதில்: டீசல் எஞ்சினில் எரிதல் வெப்பம் மிகும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. அவற்றைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பினால் எரிதல் வெப்பம் தணிந்து, அந்த வாயு உருவாவதே குறையும். மற்றது, உருவான பின் புகைக்குழாயில் யூரியாக் கரைசலைத் தெளித்து, வினையூக்கியின் உதவியோடு அதை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுவது. 2017இல் பி.எஸ்.-4 நாடு முழுவதும் வந்தபோது, கனரக வண்டிகளுக்குப் பல போட்டியாளர்கள் யூரியா வழியை எடுக்க, அசோக் லேலண்டின் பொறியாளர்கள் முதல் வழியையே மெருகேற்றி 'ஐ-இ.ஜி.ஆர்.' என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். தனித் தொட்டி இல்லை, தனித் திரவம் இல்லை. ஓட்டுநருக்குப் பழகிய வண்டியாகவே அது இருந்தது. அந்தத் துணிச்சலை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஆனால் பி.எஸ்.-6 வைத்த வரம்பு வேறு அளவினது. ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் வரை அனுமதிக்கப்பட்டிருந்த நைட்ரஜன் ஆக்சைடு, சீரான ஓட்டச் சோதனையில் 0.4 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்றானது. புகையைத் திருப்பி அனுப்புவதால் மட்டும் இந்த அளவை எட்டுவது கடினம்; அளவுக்கு மீறித் திருப்பினால் கரித்துகள் பெருகும், டீசலும் கூடுதலாகச் செலவாகும். எனவே எஞ்சினுக்குள்ளேயே ஓரளவு குறைத்து, மிச்சத்தை யூரியாவுக்கு விடும் நடுவழியை நிறுவனம் எடுத்தது.

சரியான கரைசலில் யூரியாவின் அளவு 32.5 சதவீதம், மீதி தூய நீர். பட்டறை ஒன்றில் நின்றிருந்த டிப்பரின் யூரியா தொட்டி மூடியை ஒருமுறை அருகில் நின்று பார்த்தேன். மூடியின் விளிம்பைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. சிந்திய கரைசல் உலர்ந்தால் அப்படித்தான் ஆகும். வெளியில் இருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். தெளிப்பு முனையிலோ புகைக்குழாயின் உட்புறத்திலோ அதே படிவு கட்டியாகிவிட்டால் எஞ்சின் தன் இழுவைத் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும், ஏற்றிய லோடோடு வண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க நேரும். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று தரமற்ற கரைசலை வாங்கி ஊற்றாதீர்கள் என்று லாரி வைத்திருக்கும் வாசகர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: அசோக் லேலண்டின் ஏ.வி.டி.ஆர். என்ற லாரி வரிசையைப் பற்றி அடிக்கடி பேசுகிறார்களே?

பதில்: 2020 ஜூனில், விற்பனை படுத்திருந்த நேரத்தில் வந்த வரிசை அது. கேபின், எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு, சஸ்பென்ஷன் ஆகியவற்றைப் பொதுவான அடித்தளத்தில் வெவ்வேறு விதமாகச் சேர்த்து, சிமென்ட் ஏற்றுபவருக்கு ஒன்று, கல்குவாரிக்கு ஒன்று எனத் தேவைக்கேற்ற வண்டியைத் தர முடியும். நிறுவனத்துக்கு இதனால் பாக வகைகள் குறைகின்றன. இருப்பில் முடங்கும் பணமும் குறைகிறது.

கேள்வி: ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பணம் ஆண்டறிக்கையில் எங்கே இருக்கும்? அது அந்த ஆண்டின் லாபத்தைக் குறைத்துவிடாதா?

பதில்: முழுவதும் குறைக்காது. இந்தியக் கணக்கியல் தரநிலை 38இன்படி, ஆராய்ச்சிக் கட்டச் செலவு அந்தந்த ஆண்டிலேயே செலவாகக் கழிக்கப்பட வேண்டும். விற்பனைக்கு வரும் என்று உறுதியான நிலையை எட்டிய உருவாக்கச் செலவோ சொத்தாகப் பதிவாகி, வாகனம் சந்தைக்கு வந்த பின் சில ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கழியும். இருப்புநிலைக் குறிப்பில் 'உருவாக்கத்தில் உள்ள அருவச் சொத்துகள்' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அந்தத் தொகை ஆண்டுக்காண்டு வீங்கிக்கொண்டே போய், புதிய வண்டி மட்டும் வெளிவராமல் இருந்தால் நிர்வாகத்திடம் பங்குதாரர்கள் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

கேள்வி: மின்சார லாரி, ஹைட்ரஜன் லாரி: எது முதலில் பரவலாகும்?

பதில்: பேருந்துதான் முதலில் என்பது என் எண்ணம். பேட்டரியின் எடை ஏற்றக்கூடிய சரக்கைத் தின்றுவிடுகிறது. தொலைதூர லாரி எந்த ஊரில் இரவு தங்கும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. மாநகரப் பேருந்து தினமும் அதே பணிமனைக்குத் திரும்புகிறது, ஓடும் தூரமும் தெரிந்ததே. ஹைட்ரஜனைப் பொறுத்தவரை, அதை எஞ்சினுக்குள் நேரடியாக எரித்து ஓடும் கனரக லாரியை ரிலையன்ஸுடன் சேர்ந்து அசோக் லேலண்ட் 2023 பிப்ரவரியில் பெங்களூரில் காட்டியது. பழகிய எஞ்சின் அமைப்பையே பெரும்பாலும் பயன்படுத்தலாம் என்பது அதன் பலம்; எரிபொருள் நிரப்பும் நிலையங்கள் மிகக் குறைவாக இருப்பதும், எரிதல் வெப்பத்தால் நைட்ரஜன் ஆக்சைடு அங்கும் உருவாவதும் அதன் குறைகள். மின்சாரப் பேருந்து வெறுமனே காட்டும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அசோக் லேலண்ட் குழுமத்தின் ஸ்விட்ச் நிறுவனம் தயாரித்த 120 தாழ்தளப் பேருந்துகள் 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கின. ஓராண்டு வெயிலையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் அவை எப்படித் தாங்குகின்றன என்பதை அந்தப் பணிமனையின் பராமரிப்புப் பதிவேடுதான் நமக்குச் சொல்ல வேண்டும்.