சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் கொத்தனார். இப்போதெல்லாம் காலையிலேயே ஒரு குவார்ட்டர் போடாமல் அவருக்குக் கை ஓடுவதில்லை. போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் ராத்திரி, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று துண்டால் அடித்துக்கொண்டே இருந்தார். 'சாமி குத்தம்' என்றார் மாமியார். மாலையைக் கழற்றிவிட்டு மறுபடியும் குடி. இப்போது அண்ணி ஒரு பொடி வாங்கித் தந்திருக்கிறார். தெரியாமல் சாம்பாரில் கலந்தால் குடி நின்றுவிடுமாம். கலக்கலாமா? பத்தாவது படிக்கும் மகள்தான் பாட்டிலை ஒளித்து வைக்கிறாள்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கலக்காதீர்கள் சகோதரி.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது. குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் மாத்திரைகளில் டைசல்ஃபிராம் ஒன்று. அதைச் சாப்பிட்டவர் குடித்தால், சாராயம் உடம்பில் முழுதாக உடையாமல் அசிடால்டிஹைடு என்ற நஞ்சாகத் தேங்கிவிடும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். சிலருக்கு உயிரே போகும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம்வரைகூட இந்த ஆபத்து இருக்கும். அதனால்தான் ஈரலையும் இதயத்தையும் பரிசோதித்து, நோயாளியிடம் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே கொடுக்கிறார்கள். பொடியில் இருப்பது அதுவாக இருந்தால், சாரத்தின் மேல் நிற்கும்போது அவருக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும்?

மாலை போட்டபோது நடந்தது சாமி குத்தம் இல்லை. மாமியாரிடமும் சொல்லுங்கள். சாராயம் மூளையை மந்தப்படுத்தும். தினமும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்ட எப்போதும் முடுக்கத்திலேயே இருக்கப் பழகிவிடுகிறது. திடீரென்று குடி நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கை நடுக்கம், பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, அடுத்த ஓரிரு நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் புரியாமல் போவது. கடைசியில் சொன்னதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். சிகிச்சை இல்லாமல் பலர் இதில் இறந்திருக்கிறார்கள். விரதத்தை முறித்தார் என்று அவரை யாரும் ஏச வேண்டாம். நிறுத்த வேண்டும் என்று அவரே மனசார நினைத்தாரே, அதைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். போதை இல்லாத நேரமாகப் பார்த்து, 'அன்னைக்கு வந்தது நோய், அதுக்கு வைத்தியம் இருக்கு' என்று சொல்லுங்கள்.

ஆனால் இனி வீட்டில் வைத்து நிறுத்திப் பார்க்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். வலிப்பு வந்ததையும் பூச்சி தெரிந்ததையும் விடாமல் சொல்லுங்கள். அதைக் கேட்டால் படுக்கையில் சேர்த்துத்தான் நிறுத்துவார்கள். அவசரத்துக்குப் பக்கத்து கிளினிக்குக்குப் போக நேர்ந்தாலும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் 'இவர் தினமும் குடிப்பவர்' என்று சொல்லிவிடுங்கள். குடிப்பவர்களுக்கு பி1 வைட்டமின் குறைந்திருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

மகளை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. பாட்டிலை ஒளிப்பது அவள் வேலை இல்லை. அப்பா குடிப்பதற்கு அவள் காரணமில்லை, நிறுத்துவதும் அவள் பொறுப்பில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

14446 போதை மீட்புக்கான கட்டணமில்லாத எண். அவர் சம்மதிக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே இன்று பேசலாம்.