பயம் வந்தால் பின்னால் சாயாதீர்கள்

மலைச்சரிவுத் தடங்களில் சைக்கிளில் இறங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: நான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகச் சிவப்புத் தரத் தடங்களில் மவுண்டன் பைக் ஓட்டி வருகிறேன். ஃபோர்ட் வில்லியமில் உள்ள உலகக் கோப்பை டவுன்ஹில் (மலையிலிருந்து கீழே இறங்கும் பந்தயம்) தடத்தில் இந்தக் கோடையில் இறங்கலாம் என்று நண்பர்கள் அழைக்கிறார்கள். மனைவியோ வேண்டவே வேண்டாம் என்கிறார். நான் போகலாமா?

பதில்: பென் நெவிஸ் சிகரத்துக்குப் பக்கத்து மலையான அனாக் மோரின் சரிவில் அந்தத் தடம் அமைந்திருக்கிறது. ரோப் காரில் சுமார் 650 மீட்டர் உயரத்துக்குச் சென்று, அங்கிருந்து 2.8 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறத்தாழ 555 மீட்டர் கீழே வர வேண்டும். சராசரியாக ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் என்று கணக்குப் போட்டால் பெரிய செங்குத்தாகத் தோன்றாது. உலகக் கோப்பை நடக்கும் தடங்களில் இதைவிடச் செங்குத்தானவை பல உண்டு. இதன் கடுமை முழுவதும் நீளத்திலும் கரடுமுரடிலும் இருக்கிறது. 2002 முதல் உலகக் கோப்பைப் போட்டிகளையும், 2007, 2023 ஆகிய ஆண்டுகளில் உலகச் சாம்பியன்ஷிப்பையும் கண்ட இந்தச் சரிவை முன்னணி வீரர்கள் நான்கரை நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் முடிக்கிறார்கள். நீங்கள் அதைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேல்பகுதி மரமே இல்லாத திறந்த வெளி. காற்று குறுக்கே அடிக்கும். தரை முழுவதும் கருங்கல்லும் கற்குவியலும்தான். அதைக் கடந்து காட்டுக்குள் நுழைந்தவுடன் வெளிச்சம் சட்டென்று குறைகிறது, கல் போய் வேரும் சேறும் வருகின்றன, கண் பழகுவதற்குள் முதல் வேர் சக்கரத்துக்குக் கீழே வந்துவிடுகிறது. காட்டைவிட்டு வெளியே வந்த பிறகு தடம் அகன்று, வேகம் கூடி, பெரிய தாவல்கள் அடுத்தடுத்து வருகின்றன. உங்கள் கைகளில் வலு தீர்ந்த பிறகுதான் இந்தத் தாவல்கள் வருகின்றன என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டு ஆண்டு சிவப்புத் தட அனுபவத்தை வைத்து இதை அளக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டனில் எளிதிலிருந்து கடினம் வரை பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று தடங்கள் தரம் பிரிக்கப்படுகின்றன. இந்த வரிசைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு என்று தனியாக ஒன்று இருக்கிறது. வேகமும் பெரிய தாவல்களும் கொண்ட டவுன்ஹில் தடங்களுக்கு உரியது அது. ஃபோர்ட் வில்லியம் தடம் ஆரஞ்சு. சிவப்பில் ஒரு படி ஏறினால் ஆரஞ்சு என்று நினைப்பது, ஆற்றில் நீந்தத் தெரிந்தவர் கடலிலும் அதே நீச்சல்தானே என்று நினைப்பதைப் போன்றது.

நான் உங்களுக்குச் சொல்லும் சோதனை இதுதான். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நீண்ட சிவப்புத் தடத்தில், நடுவில் எங்கும் நிற்காமல், ஒரே நாளில் மூன்று முறை இறங்குங்கள். மூன்றாவது முறை கடைசி நூறு மீட்டரிலும் ஒற்றை விரலால் பிரேக்கை அளவாகப் பிடிக்க முடிந்தால் நீங்கள் போகலாம். முடியாவிட்டால் மனைவி சொல்வதுதான் சரி. இந்தக் கோடையைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு அடுத்த கோடையில் போங்கள். போகும்போதும் முதல் இறக்கத்தை இறக்கமாகக் கருதாதீர்கள். உலக வீரர்களே சைக்கிளைத் தொடுவதற்கு முன் தடம் முழுவதையும் நடந்து பார்க்கிறார்கள். பொதுமக்கள் ஓட்டும் நாளில் தடத்துக்குள் நடப்பது ஆபத்து என்பதால், ஒவ்வொரு கடினமான இடத்துக்கும் முன்னால் தடத்தைவிட்டு ஒதுங்கி நின்று, கீழே எட்டிப் பார்த்து, எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே விடுவது என்று முடிவு செய்த பிறகு இறங்குங்கள். மனம் ஒப்பாத தாவல் வந்தால் இறங்கி ஓரமாக உருட்டிக்கொண்டு போவதில் எந்தக் குறைவும் இல்லை.

கேள்வி: செங்குத்தான இறக்கத்தில் உடம்பை சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்படியே செய்கிறேன். ஆனால் வளைவுகளில் முன்சக்கரம் வழுக்கி விழுந்துவிடுகிறேன். என்ன தவறு செய்கிறேன்? (லண்டன் வாசகர்)

பதில்: கற்றுக்கொண்டதை நீங்கள் ஒழுங்காகச் செய்கிறீர்கள், அந்தப் பாடத்துக்குத்தான் வயதாகிவிட்டது. பழைய மவுண்டன் பைக்குகளில் முன்ஃபோர்க் செங்குத்தாக நிற்கும். தரையோடு அதன் கோணம் 70 பாகையைத் தாண்டும். முன்சக்கரம் ஏறக்குறைய ஓட்டுபவரின் கைகளுக்குக் கீழேயே இருந்ததால், சற்றே ஏமாந்தாலும் ஹேண்டில் பாருக்கு மேலே பறந்து போய் விழ வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் பின்னால் போவது உயிர் காத்தது. இன்றைய டவுன்ஹில் சைக்கிளில் அந்தக் கோணம் 63 பாகைக்கு அருகில் வந்துவிட்டது. சக்கரம் வெகு தூரம் முன்னால் போய்விட்டது. சைக்கிளே அந்த வேலையைச் செய்துவிட்ட பிறகு நீங்களும் பின்னால் போனால், முன்டயரின் மேல் எடையே இருப்பதில்லை. எடை இல்லாத டயருக்கு மண்ணைப் பிடிக்கத் தெரியாது. வளைவில் வழுக்குவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு கேடும் இருக்கிறது. பின்னால் போகப் போகக் கைகள் நீண்டு விறைத்துவிடுகின்றன. முன்சக்கரம் திடீரென்று ஒரு பள்ளத்தில் இறங்கும்போது நீட்டுவதற்குக் கையில் மிச்சம் எதுவும் இல்லாததால், ஹேண்டில் பார் உங்களைப் பிடித்து முன்னால் இழுக்கிறது. எதற்குப் பயந்து பின்னால் போனீர்களோ அதுவே நடந்துவிடுகிறது.

எடை முழுவதும் பெடல்களின் வழியாகக் கீழே இறங்க வேண்டும். உங்கள் நடுவுடல் பெடல் அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தரை சாயும்போது சைக்கிள் உங்களுக்குக் கீழே முன்னோக்கிச் சாய்கிறது, நீங்கள் மட்டும் நேராக நிற்கிறீர்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் பின்னால் போனது போலத் தெரியும். பின்னால் போங்கள் என்ற பாடம் இந்தக் காட்சிப் பிழையிலிருந்தும் பிறந்திருக்கலாம் என்பது என் ஊகம். இரண்டு பெடல்களும் ஒரே மட்டத்தில், குதிகால் சற்றுத் தாழ்ந்து, முழங்கைகள் வெளிப்பக்கமாக மடங்கி, முதுகு இடுப்பில் மடிந்து, தாடை ஹேண்டில் பாருக்கு மேலே இருக்கட்டும். கைகள் ஹேண்டிலைப் பிடித்திருக்க வேண்டுமே தவிர, அதில் தொங்கக் கூடாது. உள்ளங்கையில் எடை அழுந்தினால் அதிகமாக முன்னால் வந்துவிட்டீர்கள் என்றும், விரல்கள் இழுபட்டால் பின்னால் போய்விட்டீர்கள் என்றும் அறிந்துகொள்ளலாம். இதை வீட்டு வாசலில் ஒரு சிறு சரிவில் பழகிப் பாருங்கள். பெரிய மலையில் பயம் வந்த பிறகு உடம்பு புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது.

கேள்வி: பாதி இறக்கத்திலேயே முன்கை கல் போல இறுகி, விரல்களுக்கு பிரேக் பிடிக்க வலு இல்லாமல் போகிறது. உடற்பயிற்சி செய்தால் சரியாகுமா?

பதில்: ஓரளவுக்குச் சரியாகும். ஆனால் பெரும்பாலானோருக்குக் கோளாறு தசையில் இல்லை, பிரேக் பிடிக்கும் பழக்கத்தில் இருக்கிறது. தொடர்ந்து இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசைகள் வீங்கி, அவற்றைச் சுற்றியுள்ள உறைக்குள் இரத்த ஓட்டம் தடைபடுகிறது. பயந்தவர் இறக்கம் முழுவதும் பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவார். கைக்கு ஒரு நொடிகூட ஓய்வு கிடைக்காது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 95 கிலோ என்று வைத்துக்கொண்டால், 555 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் சாதாரணத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் டயரும் சஸ்பென்ஷனும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. மிச்சமெல்லாம் ஒரு சாண் அகலமே உள்ள இரண்டு பிரேக் டிஸ்க்குகளில் வெப்பமாக இறங்குகிறது. விடாமல் தேய்த்தால் அவை ஆற நேரமின்றிப் பிடிப்பு குறைகிறது, பிடிப்பு குறைந்ததும் நீங்கள் இன்னும் இறுக்குகிறீர்கள், கை இன்னும் சோர்கிறது.

ஆகவே பிரேக்கைக் குறைந்த நேரம், பலமாக, சரியான இடத்தில் பிடியுங்கள். வளைவுக்கு முன்னால், தரை ஓரளவு சமமாக உள்ள இடத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள்ளும் வேர்களின் மேலும் விட்டுவிடுங்கள். நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன்பிரேக்குக்கு உரியது என்பதால் அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பின்பிரேக்கை மட்டும் நம்புபவர் சக்கரத்தைப் பூட்டித் தடத்தையும் உழுதுவிடுகிறார். பிரேக் நெம்புகோலைச் சற்று உள்பக்கமாக நகர்த்தி, ஆள்காட்டி விரலின் முதல் கணு அதன் நுனியில் பொருந்துமாறு வைத்துக்கொள்ளுங்கள். முன்சஸ்பென்ஷன் உங்கள் எடைக்குக் கடினமாக இருக்கிறதா, டயரில் காற்று அதிகமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: இந்த விபரீத விளையாட்டை முதலில் தொடங்கியவர் யார்? (சென்னை கல்லூரி மாணவர்)

பதில்: ஒருவர் என்று சொல்ல முடியாது, ஒரு கூட்டம் என்று சொல்லலாம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் பகுதியில், 1970களில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மண்பாதைகளில் இறக்கினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே முதல் போட்டி நடந்தது. சுமார் 3 கிலோமீட்டரில் 400 மீட்டர் இறங்கும் பாதை அது. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பழைய வகை பிரேக், கீழே வருவதற்குள் சூடேறி உள்ளேயிருக்கும் கிரீஸ் முழுவதும் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் திணித்தால்தான் அடுத்த முறை ஓட்ட முடியும். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ (மறுபடி திணித்தல்) என்று பெயர் வந்தது. போட்டிகளை நடத்தியவர் சார்லி கெல்லி. முதல் போட்டியில் ஆலன் பாண்ட்ஸ் வென்றதற்குக் காரணம், விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர்தான் என்பது! பின்னாளில் கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 நொடியில் இறங்கியது அந்தப் பாதையின் சாதனையாக நிலைத்தது. முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன்ஷிப் 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்தபோது, டவுன்ஹில் பட்டத்தை ஆண்களில் கிரெக் ஹெர்போல்டும் பெண்களில் சிண்டி டிவைனும் வென்றார்கள்.

கேள்வி: செயினே இல்லாமல் ஒருவர் உலகக் கோப்பையை வென்றதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. 2015இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் அமெரிக்க வீரர் ஆரன் குவினுக்குப் புறப்பட்ட உடனேயே செயின் அறுந்துவிட்டது. பெடல் மிதிக்கவே வழியில்லாமல், பள்ளங்களிலும் சாய்ந்த வளைவுகளிலும் உடம்பை அழுத்தி எடுத்தே வேகம் சேர்த்து அவர் முதலிடம் பெற்றார். பிரேக்கை வீணாக்காதவருக்கு வேகம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க அந்தக் காணொளியை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: மழை பெய்த மறுநாள் இறங்கலாமா?

பதில்: மண் நனைந்தால் பெரிய கேடில்லை, ஈர மண் சில நேரம் காய்ந்த புழுதியைவிட நன்றாகப் பிடிக்கும். பட்டை உரிந்த வேர்தான் எதிரி. நனைந்த வேரின் மேல் செங்குறுக்காகப் போங்கள். சாய்வாகப் போனால் டயர் வேரின் வழியே ஓடிவிடும். அதன் மேல் திருப்புவதும் கூடாது, பிரேக் பிடிப்பதும் கூடாது. இந்த விதியை நன்றாக அறிந்திருந்தும், ஒரு நவம்பர் காலையில் ஓர் அற்பமான நீலத் தடத்தில், எதிரே வந்த வேரைப் பார்த்துப் பயந்து விரலை மடக்கினேன். இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் சட்டை போடுவதற்கும் துணை தேவைப்பட்டது. ஆனால் 2011இல் சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரியில், கொட்டும் மழையில், அதே போன்ற வேர்களின் மேல் 19 வயது பிரிட்டன் வீரர் டேனி ஹார்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் இறங்கி, இரண்டாவதாக வந்தவரை 11.699 நொடி வித்தியாசத்தில் வென்றார். நொடியின் சிறு பின்னங்களில் தீர்மானமாகும் விளையாட்டில் இது நம்ப முடியாத இடைவெளி.

கேள்வி: கனடாவில் வசிக்கிறோம். 15 வயது மகன் விஸ்லர் மலைக்கு நண்பர்களோடு போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். ஒரு தாயாக நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில், அங்கே தரக் குறியீடு வேறு என்பதை அறிந்துகொள்ளுங்கள்: பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், அதற்கும் மேலே இரட்டைக் கறுப்பு வைரம். மகன் நிச்சயம் ‘ஏ-லைன்’ என்ற பெயரைத்தான் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பான்; அது தாவல்கள் நிறைந்த கறுப்பு வைரத் தடம். பச்சைத் தரமான ‘ஈஸி டஸ் இட்’ தடத்திலும், பிறகு நீலத் தரமான ‘பி-லைன்’ தடத்திலும் முதல் நாளைக் கழிக்கச் சொல்லுங்கள். எந்தத் தடத்திலும் முதல் முறை மெதுவாகப் பார்த்துக்கொண்டே இறங்குவது, இரண்டாவது முறை அதையே திரும்ப ஓட்டிப் பழகுவது, அதற்குப் பிறகே விருப்பம் போல ஓட்டுவது என்ற ஒழுங்கை அங்கே வலியுறுத்துகிறார்கள். கடினமான தடங்களின் வாசலிலேயே வேண்டுமென்று ஒரு கடினமான பாறையையோ தாவலையோ அமைத்திருப்பதும் உண்டு. அதைத் தாண்ட முடியாதவர் உள்ளே வர வேண்டாம் என்பது அதன் பொருள். இதை மகனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் நண்பர்கள் முன்னிலையில் திரும்பி வருவது அவனுக்கு மானப் பிரச்சினையாகிவிடும்.

தாடையையும் மூடும் முழுமுக ஹெல்மெட், கண்காப்புக் கண்ணாடி, முழங்கால் காப்பு, முழுவிரல் கையுறை ஆகியவை கட்டாயம். முதுகுக் காப்பும் இருந்தால் நல்லது. சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். வீட்டில் உள்ள சாதாரண மவுண்டன் பைக் அந்த மலைக்குப் போதாது. முன்னும் பின்னும் சுமார் 200 மில்லிமீட்டர் அமுங்கும் சஸ்பென்ஷன் கொண்ட சைக்கிள்களை அதற்கென்றே வைத்திருக்கிறார்கள். ஹெல்மெட்டை மட்டும் யாரிடமும் இரவல் வாங்க வேண்டாம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கியிருக்கும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. புதியதாக, அவன் தலைக்கு அளவு பார்த்து, தாடைப் பட்டையைப் பூட்டித் தலையை ஆட்டச் சொல்லி, அசையாமல் நிற்கிறதா என்று நீங்களே பார்த்து வாங்குங்கள்.