ஜெர்மனியில் முதல் மூன்று மாதம்: எதை முதலில் முடிப்பது?

தம்பி, அடுத்த மாதம் வேலைக்காக ஜெர்மனி வருகிறீர்கள், மனைவியும் குழந்தையும் பிறகு வந்து சேர்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். "வந்ததும் பேங்க் கணக்கா, வீடா, மொழி வகுப்பா, எதை முதலில் கவனிப்பது?" என்பது உங்கள் கேள்வி. முதலில் கவனிக்க வேண்டியது முகவரிப் பதிவு. இங்கே அதை அன்மெல்டுங் என்பார்கள். வரி எண், சரியான சம்பளப் பிடித்தம், குழந்தைக்கான விண்ணப்பங்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் நகரும்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். ஆனால் பெரிய நகரங்களில் பியூர்கர்ஆம்ட் என்கிற நகர அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. தங்குமிடம் உறுதியானதுமே, ஊரில் இருக்கும்போதே இணையத்தில் தேட ஆரம்பித்துவிடுங்கள். யாராவது ரத்து செய்த நேரங்கள் காலையில் அலுவலகம் திறக்கும் வேளையில் தென்படும். பெர்லின் என்றால் உங்கள் பகுதி அலுவலகம்தான் என்றில்லை, நகரில் எதற்கும் போகலாம். இரண்டு வாரத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால், புக் செய்த தேதி தெரியும் மின்னஞ்சலை வைத்திருங்கள்.

கொண்டு போக வேண்டியவை பாஸ்போர்ட், நிரப்பிய படிவம், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். பலருக்கும் வேலை கெடுவது இந்த மூன்றாவது தாளில்தான். நீங்கள் குடிவந்ததை வீட்டுக்காரர் உறுதிசெய்யும் தாள் அது. 2015 நவம்பரிலிருந்து கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். குறுகிய கால வாடகைக்கு விடும் சிலர் இதைத் தர மறுப்பார்கள். அதனால் பணம் கட்டும் முன், "இந்த முகவரியில் அன்மெல்டுங் செய்யலாமா?" என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மனைவி வரும்போது திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப் பிரதியும் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் கைப்பையில் இருக்கட்டும்.

அடுத்தது தபால் பெட்டி. இங்கே பெரும்பாலும் கட்டடத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் கிடையாது. ஒரு கட்டடத்தில் இருபது குடும்பம் இருந்தாலும் தபால்காரர் பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும். வரி எண், இன்சூரன்ஸ் அட்டை, பேங்க் அட்டை, அதன் ரகசிய எண் எல்லாமே தபாலில், தனித்தனி உறையில் வரும். நம்மவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பதால் கணவன், மனைவி, குழந்தை மூவருக்கும் மூன்று கடைசிப் பெயர். பெட்டியில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் மனைவிக்கு வரும் கடிதம் திரும்பிப் போகும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் எது இருக்கிறதோ, அதே எழுத்துக்கூட்டலில் எல்லாப் பெயரையும் ஒட்டுங்கள். அழைப்பு மணியிலும் அப்படியே.

பதிவு முடிந்த இரண்டு மூன்று வாரத்தில் 11 இலக்க வரி எண் வரும். அதற்குள் முதல் சம்பளம் வந்துவிட்டால் உங்களை ஆறாம் வரி வகுப்பில் வைத்துப் பிடிக்கக்கூடும். அதுதான் இருப்பதிலேயே அதிகப் பிடித்தம். பதற வேண்டாம், எண்ணைக் கொடுத்ததும் பின்வரும் மாதங்களில் சரிசெய்துவிடுவார்கள். கூடவே ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதமும் வரும். மோசடி என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிவி இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டித்தான் ஆக வேண்டும். ஒரே வீட்டில் வேறொருவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால் போதும். பதிலே போடாமல் விட்டால் பாக்கியும் அபராதமும் ஏறிக்கொண்டே போகும்.

வீட்டைப் பொறுத்தவரை, முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு சாமான்களோடு கூடிய தற்காலிக வீடே நல்லது என்பேன். நிரந்தர வீட்டுக்கு மூன்று மாதச் சம்பளச் சீட்டும், கடன் நம்பகத்தைக் காட்டும் ஷூஃபா அறிக்கையும் கேட்பார்கள். புதிதாக வந்தவரிடம் இரண்டும் இருக்காது. விளம்பரத்தில் கால்ட்மீட்ட என்றால் வெறும் வாடகை, வார்ம்மீட்ட என்றால் பராமரிப்பும் பெரும்பாலும் ஹீட்டர் செலவும் சேர்ந்தது. மின்சாரம் பொதுவாக இரண்டிலும் வராது. அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத கால்ட்மீட்ட. அதையும் மூன்று தவணையில் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வீட்டை நேரில் பார்க்கும் முன் அட்வான்ஸ் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். பல வீடுகளில் சமையலறை என்றால் வெறும் சுவரும் தண்ணீர்க் குழாயும்தான். சிங்க், அடுப்பு, அலமாரி இருக்கிறதா என்று கேட்டே முடிவு செய்யுங்கள். சாவி வாங்கும் நாளில் கீறல், கறை, மீட்டர் அளவு எல்லாவற்றையும் ஒப்படைப்புத் தாளில் எழுதிப் படமும் எடுங்கள்.

இனி சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அட்வான்ஸில் கைவைக்க வீட்டுக்காரர் சொல்லும் காரணங்களில் பூஞ்சை முக்கியமானது. குளிர் உள்ளே வராமல் ஜன்னல்கள் இறுக்கமாக மூடும். நாம் சோறு வடிப்பது, இட்லி அவிப்பது, துணியை அறையில் உலர்த்துவது, குளிப்பது எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் பல லிட்டர் ஈரத்தைக் காற்றில் கலக்கின்றன. அந்த ஈரம் போக வழியில்லாமல் குளிர்ந்த வெளிச்சுவரின் மூலையில் படியும். முதலில் சாம்பல் நிறப் புள்ளியாகத் தெரியும், பிறகு கறுப்பாகப் படரும்.

ஜன்னலை முழுக்கத் திறக்காமல் மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்த்து நாள் முழுக்க விடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. காற்று மெதுவாகத்தான் மாறும், அதற்குள் ஜன்னலைச் சுற்றிய சுவர் குளிர்ந்து, ஈரம் அங்கேயே படியும். எதிரெதிர் ஜன்னல்களை முழுக்கத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு மூடுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு முறை, சமைத்ததும் குளித்ததும் கட்டாயம். திறந்திருக்கும் அந்த நேரத்தில் ஹீட்டரைக் குறைத்துவிடுங்கள். படுக்கையறை ஹீட்டரை முற்றிலும் அணைத்துவிட்டு, ஹாலின் சூடான காற்று அங்கே போகட்டும் என்று கதவைத் திறந்து வைக்காதீர்கள். அந்தக் காற்றோடு ஈரமும் போய்க் குளிர்ந்த சுவரில் ஒட்டும். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஐந்து பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். ஈரமானி ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள், விலை சொற்பம்தான். 60 சதவீதத்துக்கு மேல் காட்டிக்கொண்டே இருந்தால் ஜன்னலைத் திறக்கும் நேரம் என்று அர்த்தம்.

மருத்துவக் காப்பீட்டில் இளம் வயதுக்காரருக்குத் தனியார் கம்பெனி மலிவாகத் தெரியும். உங்கள் நிலைமைக்கு அரசு முறைக் காப்பீடுதான் என் பரிந்துரை. மனைவிக்குச் சொந்த வருமானம் இல்லையென்றால் அவரும் குழந்தையும் கூடுதல் பணமின்றி அதில் சேரலாம். தனியாரில் ஆளுக்கு ஒரு பிரீமியம். அதிலிருந்து திரும்பி வருவதும் கடினம், 55 வயதுக்குப் பிறகு ஏறக்குறைய முடியாது. கூடவே ஹாஃப்ட்ஃபிளிக்ட் என்கிற, நம்மால் பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். கட்டடத்தின் பொதுச் சாவியைத் தொலைத்தால் எல்லாப் பூட்டையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம். சாவி இழப்பும் அதில் அடங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரவு, வார இறுதியில் உடம்பு சரியில்லை, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 116117. அவசரம் என்றால் 112. போலீஸ் 110. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பால் முதல் மருந்து வரை வாங்கிவிடுங்கள். ஞாயிறன்று டிரில் போட்டால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமம் குடியேறியதிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதியாக வேண்டும். கார் தேவைப்படும் என்று தெரிந்தால் முதல் மாதமே ஓட்டுநர் பள்ளியை விசாரியுங்கள். குடியிருப்பு அனுமதியின் கடைசித் தேதியை நாள்காட்டியில் குறித்து, மூன்று மாதம் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். அந்தத் தேதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகக் கருதுவார்கள். அதற்கான இடைக்காலச் சான்றைக் கேட்டு வாங்கி, அது கைக்கு வந்த பிறகே ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.