வாட்ச்மேன் இருக்கட்டும், வீடு எங்கே பார்க்கிறீர்கள்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்பும் தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, அங்கே ஹாஸ்டல் வாசலில் வாட்ச்மேன் இருப்பாரா? துப்பாக்கிச் சூடு செய்தியைப் பார்த்துவிட்டு அம்மா போகவே வேண்டாம் என்கிறார்."

வாட்ச்மேன் பெரும்பாலும் இருக்க மாட்டார் தங்கச்சி. நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன், எங்கள் காலாப்பட்டு யுனிவர்சிட்டி கேட்டையும் செக்யூரிட்டியையும் பார்த்துவிட்டு இங்கே வந்தால், பல கேம்பஸுக்குச் சுற்றுச்சுவரே இல்லை, ஊர்த்தெரு நடுவில் ஓடுகிறது. வார்டன் கையெழுத்து, எட்டு மணிக்குள் திரும்பு என்ற பேச்செல்லாம் கிடையாது. கார்டு காட்டினால்தான் கதவு திறக்கும், அவ்வளவுதான் காவல். பின்னால் யாராவது வந்தால் நாம் மரியாதைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போம் பாருங்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். 1986-ல் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள், கொலைகாரன் அப்படித்தான் உள்ளே வந்தான்.

நடைபாதை ஓரம் உச்சியில் நீல விளக்கு எரியும் கம்பங்களைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். பட்டனை அழுத்தினால் போதும், எந்தக் கம்பம் என்று கேம்பஸ் போலீஸுக்குத் தெரிந்துவிடும். பல பெரிய பல்கலைக்கழகங்களில் அவர்கள் துப்பாக்கியும் கைது செய்யும் அதிகாரமும் உள்ள அசல் போலீஸ்தான், நம்மூர் செக்யூரிட்டி மாதிரி நினைத்துவிடாதீர்கள்.

அம்மா பயப்படுவதில் தப்பில்லை, ஒன்றுமே நடக்காது என்று பொய் சொல்ல வேண்டாம். 2007-ல் வர்ஜீனியா டெக்கில் 32 பேர் கொல்லப்பட்டார்களே, அதில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த பேராசிரியர் லோகநாதன் நம் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். அன்று முதலாவது துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகுதான் மாணவர்களுக்கு மின்னஞ்சல் போனது. மொபைலுக்கு உடனே எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு அதற்கப்புறம்தான் எங்கும் பரவியது. சிம் வாங்கிய அன்றே உங்கள் நம்பரை அதில் பதிந்துவிடுங்கள். அம்மா நம்பரைச் சேர்க்காதீர்கள். இங்கே இரவு 9 மணிக்கு 'அந்தத் தெருப்பக்கம் போகாதீர்கள்' என்று ஒரு மெசேஜ் வரும், கடலூரில் அப்போது காலை ஆறரை, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

சரி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். 1990-ல் வந்து, பின்னர் கிளெரி பெயர் சூட்டப்பட்ட சட்டப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அக்டோபர் 1-க்குள் முந்தைய 3 ஆண்டுக் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு 'சேஃப்பான இடம்' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு கேம்பஸ், பல்கலைக்கழகக் கட்டடங்கள், கேம்பஸை ஒட்டிய பொது இடங்கள், இவற்றோடு முடிந்தது. நம் பிள்ளைகளோ வாடகை குறைவு என்று நாலு தெரு தள்ளித் தனியார் அபார்ட்மெண்டில் நாலு பேராகச் சேர்ந்து தங்குகிறார்கள். அங்கே நீலக் கம்பமும் இல்லை, அங்கே நடந்த திருட்டு அந்தக் கணக்கிலும் வராது. லேபில் வேலை முடித்து நடுராத்திரி திரும்பும் வழியில்தான் பிரச்சினையே.

அதனால் அங்கே படிக்கும் சீனியர் யாரையாவது பிடித்து, இரவில் பல்கலைக்கழகத்தின் கடைசி ஷட்டில் பஸ் எத்தனை மணிக்கு, இறங்கும் இடத்திலிருந்து வாசல்வரை தெருவிளக்கு எரிகிறதா, கீழ்க் கதவு ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று கேளுங்கள். வாடகையைப் பற்றி அப்புறம் பேசலாம்.