நுரை வரவில்லை என்றால் சரக்கு மட்டமா?

கேள்வி: துணி துவைக்க 'குறைந்த நுரை' என்று போட்ட திரவ சோப்பு வாங்கினேன். பழையதைவிட விலை கூடுதல். ஆனால் எவ்வளவு கலக்கினாலும் நுரை எழும்பவே இல்லை. தண்ணீர் கலந்து விற்கிறார்களோ? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நுரையை வைத்து முடிவு கட்டாதீர்கள். லேபிளைத் திருப்பி, எந்த வகை சர்ஃபாக்டன்ட் என்று பாருங்கள். அழுக்கெடுக்கும் வேலையில் பெரும்பங்கு அதனுடையதுதான்.

சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய்தான் பிடிக்கும். அதனால் அது தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து, தலையை நீருக்குள் வைத்து வாலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நீரின் பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பைச் சுருக்கிப் பிடிக்கும் விசை, அப்போது குறைந்துவிடும். எண்ணெய் தடவிய தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துப்போலத் திரண்டு நிற்கும். சோப்பு தொட்ட குச்சி நுனியால் அதைத் தொடுங்கள். சட்டென்று படுத்துப் பரவிவிடும்.

மேற்பரப்பு நிரம்பிய பிறகு, மிச்ச மூலக்கூறுகள் வால்களை உள்ளே மடக்கி உருண்டைகளாகத் திரள்கின்றன. இவற்றுக்கு மைசெல் என்று பெயர். எண்ணெய்ப் பிசுக்கை உள்ளே இழுத்து வைத்துக்கொள்பவை இவைதான்.

உங்கள் கேள்விக்கான விடை தலையில் இருக்கிறது. நன்றாக நுரைக்கும் லாரில் சல்பேட் என்ற சர்ஃபாக்டன்டின் தலையில் எதிர்மின்னூட்டம் உண்டு. குமிழிச் சவ்வின் இரு பக்கமும் அந்தத் தலைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் சவ்வு மெலிந்து உடையாமல் தாக்குப்பிடிக்கிறது, நுரை நிற்கிறது. ஆனால் அதே தள்ளலால் மைசெல்லாகத் திரள்வதும் தாமதமாகிறது. தூய நீரில் லிட்டருக்குச் சுமார் 2.3 கிராம் சேர்ந்த பிறகே திரளும். ஆல்கஹால் எதாக்சிலேட் போன்ற மின்னூட்டமில்லாத வகையில், லாரில் சல்பேட்டுக்கு உள்ள அதே 12 கார்பன் வால் இருந்தாலும், பல மடங்கு குறைந்த அளவிலேயே மைசெல் உருவாகிவிடும். நுரை குறைவு, பிசுக்கெடுப்பதில் கெட்டி. துவைக்கும் இயந்திரத்துக்கு இதுதான் நல்லது. நுரை மண்டினால் துணிகள் ஒன்றோடொன்று உரசுவது குறைந்துவிடும்.

தண்ணீர் கலந்ததா என்று பார்க்க, மேலே சொன்ன சொட்டுச் சோதனை உதவாது. துளியளவு சர்ஃபாக்டன்ட் இருந்தாலே சொட்டு பரவிவிடும். பழையது, புதியது இரண்டையும் ஒரே அளவு எடுத்துத் தனித்தனியே ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். ஒரே மாதிரி எண்ணெய்க் கறைபட்ட துணித்துண்டுகளை ஒவ்வொன்றாக அலசுங்கள். எத்தனையாவது துண்டில் பிசுக்கு போகாமல் நிற்கிறது என்று எண்ணுங்கள். இதில் புதியது வெகுவாகப் பின்தங்கினால், கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: நேரம் மிச்சமாகட்டும் என்று துணி மென்மையாக்கியை சோப்புடனேயே ஊற்றுகிறேன். துணியில் வெள்ளைத் திட்டுகள் படிகின்றன. இரண்டில் எது போலி?

பதில்: திட்டு விழுகிறது என்பதற்காக எதையும் போலி என்று சொல்ல முடியாது. மென்மையாக்கியின் தலையில் நேர்மின்னூட்டம். அதனால்தான் எதிர்மின்னூட்டம் கொண்ட இழையில் ஒட்டிக்கொண்டு, நீண்ட வால்களால் துணியை வழுவழுப்பாக்குகிறது. சோப்பின் தலையோ பெரும்பாலும் எதிர்மின்னூட்டம். சேர்த்து ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கரையாத படிவாகிவிடும். அதுதான் உங்கள் திட்டு. துணி மென்மையாவதும் இல்லை, அழுக்கு சரியாகப் போவதும் இல்லை. இரண்டுக்கும் கொடுத்த காசு சாக்கடைக்குப் போகிறது. கடைசி அலசலில் மட்டும் மென்மையாக்கியை ஊற்றுங்கள். ஷாம்பூவை நன்றாக அலசிவிட்டுக் கண்டிஷனர் தடவச் சொல்வதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: லாரில் சல்பேட், லாரெத் சல்பேட் இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. லாரெத்தில் தலைக்கும் வாலுக்கும் நடுவே எதாக்சி அலகுகள் எனப்படும் சிறு இணைப்புத் துண்டுகள் இரண்டு மூன்று செருகப்பட்டிருக்கும். அதனால் தோலை உறுத்துவது குறையும். கடினநீரையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் இரண்டுமே சல்பேட்தான். 'சல்பேட் இல்லாதது' என்று முன்பக்கம் போட்டுவிட்டுப் பின்பக்கப் பட்டியலில் லாரெத் சல்பேட் இருந்தால், அந்தப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.