மகளுக்குக் குடும்ப மருத்துவ சீட்: சேர்க்கலாமா, வேண்டாமா?

கோவில்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். எம்.பி.பி.எஸ். முடித்த அவருடைய மகளுக்கு, முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வின் மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் பொது மருத்துவமோ குழந்தை மருத்துவமோ கிடைக்க வழியில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் முதுநிலைத் தகுதி) குடும்ப மருத்துவம் கிடைக்கக்கூடும். மூன்று ஆண்டுகள் எல்லாத் துறைகளையும் தொட்டுவிட்டு, எதிலும் நிபுணராகாமல் வெளியே வந்துவிடுவாளோ என்று அவர் அஞ்சுகிறார். இதற்கிடையில் ஆலோசனை மையம் ஒன்று, ஓராண்டு 'ஃபெலோஷிப்' படிப்பை வார இறுதி வகுப்புகளிலேயே முடித்துவிடலாம், அதுவும் இதற்குச் சமம்தான் என்று சொல்லி முன்பணம் கேட்கிறதாம். எதில் சேர்ப்பது என்பது அவருடைய கேள்வி.

ஐயா, முன்பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

இந்தியாவில் குடும்ப மருத்துவத்தில் நிபுணர் என்று சட்டப்படி பெயர் போட்டுக்கொள்ள வேண்டுமானால், மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படிக்க வேண்டும் அல்லது தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. படிக்க வேண்டும். எம்.டி. இடங்கள் மிகக் குறைவு; ஆகவே பெரும்பாலோருக்கு வழி டி.என்.பி.தான். இரண்டுக்கும் நுழைவாயில் நீட் பி.ஜி. தேர்வும் அதைத் தொடரும் கவுன்சலிங்கும்தான். தேர்வும் இல்லை, கவுன்சலிங்கும் இல்லை, பணம் கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால், அவர் விற்பது கண்ணாடிச் சட்டம் போட்ட வெறும் சான்றிதழ். அதைச் சுவரில் மாட்டலாம், மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய முடியாது. பதிவு செய்ய முடியுமா என்று அந்த மையத்தாரை எழுத்து மூலம் கேளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர், தங்க நிற முத்திரை, பட்டமளிப்பு விழா என்று பேச்சு எங்கெங்கோ போகும். நீங்கள் கேட்டதற்கு மட்டும் எழுத்தில் பதில் வராது.

அடுத்து உங்கள் மகளைப் பற்றிய பயம். எல்லாத் துறைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றுவது. பயிற்சியில் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நலம், அவசர சிகிச்சை, எலும்பு, தோல், கண், காது மூக்கு தொண்டை, மனநலம் என்று ஒவ்வொரு துறையிலும் சில வாரங்களோ சில மாதங்களோ போஸ்டிங் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கே அவர் கற்க வேண்டியது அந்தத் துறை நிபுணரின் வேலையை அல்ல. நோய்க்குப் பெயர் வைக்கப்படுவதற்கு முன்பே, வெறும் தொந்தரவோடு உள்ளே வருகிற மனிதரை என்ன செய்வது என்பதையே அவர் கற்கிறார். இதய நிபுணரிடம் போகிறவர், இதய நோயாக இருக்கலாம் என்று யாரோ முடிவு செய்த பிறகு போகிறார். குடும்ப மருத்துவரிடம் வருகிறவர் "மூணு நாளா நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு டாக்டர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருகிறார். அது வாயுவா, தசைப்பிடிப்பா, மகள் கல்யாணக் கடனா, மாரடைப்பின் முன்னறிவிப்பா என்று பிரிப்பது, எல்லாம் ஓரளவு முடிவான பிறகு மருந்து எழுதுவதைவிடக் கடினமான வேலை.

ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஒரு குழந்தை வருகிறது. நான்காம் நாள், உடம்பு சுடவில்லை. வீட்டில் எல்லோரும் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். குழந்தை மட்டும் சோர்ந்து படுத்திருக்கிறது. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகும், கை கால் சில்லிடும், சிறுநீர் குறையும், ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே குறுகும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்த மருத்துவர் ஆயிரம் பேர் உண்டு. குழந்தைகள் வார்டில் இரவுப் பணியில் நின்று, மணிக்கொரு முறை அந்தக் குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்து, நீர் ஏற்றும் அளவைக் கூட்டிக் குறைத்து, விடியும்போது சிறுநீர் போனதைக் கண்ட மருத்துவருக்கு மட்டுமே, ஆறு மாதம் கழித்துப் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும்போது எந்தக் குழந்தையை உடனே அனுமதிக்க வேண்டும், எந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாம் என்பது கைவரும். வீட்டுக்கு அனுப்பும்போதும் தாயிடம் "வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கம், இவற்றில் எது வந்தாலும் நடுராத்திரியானாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி, அவர் அதைத் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே அனுப்ப வேண்டும் என்பதும் பயிற்சியில் வருவதுதான். ஆன்டிபயாடிக் எழுதி அனுப்புவது இதைவிட எளிது. அது பயன்படாது என்பதுதான் சங்கடம்.

நல்ல பயிற்சியில் இதற்கு இணையாக இன்னொன்றும் நடக்கும்: பார்த்த நோயாளியையே மறுபடியும் மறுபடியும் பார்ப்பது. சர்க்கரை நோயாளி ஒருவரின் பாதத்தில் மெல்லிய நைலான் இழையை வளையும் வரை அழுத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்து, செருப்பை மாற்றச் சொல்லி, மாத்திரையைத் திருத்தி அனுப்பிய மருத்துவரிடமே மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வரும்போது, தான் சொன்னதில் எது வீட்டில் நடந்தது, எது நடக்கவில்லை என்பது அந்த மருத்துவருக்குத் தெரியவருகிறது. "உடம்பெல்லாம் அசதி" என்று நான்காவது முறையாக வரும் பெண்ணுக்கு ரத்த சோகையும் தைராய்டும் பார்த்தாகிவிட்டால், அடுத்துக் கேட்க வேண்டியவை தூக்கத்தைப் பற்றியும் மனச்சோர்வைப் பற்றியும் வீட்டுக்காரரின் குடியைப் பற்றியும்தான். அவற்றை மனநலத் துறையில் ஒரு மாதம் இருந்தவர் தயங்காமல் கேட்பார். அந்த அசதிக்குக் காரணம் முதல் நாளிலேயே வெளியே வராது. திரும்பத் திரும்ப வந்து போனால்தான் வரும்.

இனி உங்களுக்கு உண்மையில் தேவையான பகுதி. படிப்பு நல்லது என்பதால் சீட் நல்லதாகிவிடாது. டி.என்.பி. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் சில, குடும்ப மருத்துவப் பயிற்சி மருத்துவரை மலிவான டியூட்டி டாக்டராக மட்டுமே பார்க்கின்றன. அவர் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாதவர். ஆகவே எந்தத் துறையில் ஆள் குறைந்தாலும் அங்கே நிறுத்தப்படுவார். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதிலும் காப்பீட்டுப் படிவம் நிரப்புவதிலும் ஓராண்டு போய்விடும். வாரியத்தின் ஆய்வுக் குழு வரும் வாரத்தில் ஓர் அறைக்கு 'குடும்ப மருத்துவப் புறநோயாளிப் பிரிவு' என்று பலகை மாட்டப்படும். குழு கிளம்பிய பிறகு அந்த அறையில் குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகள் அடுக்கப்படும். இது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். வாரியம் இதைத் தடுக்க லாக் புக் எனும் பயிற்சிப் பதிவேடு, ஆண்டுதோறும் இடைத்தேர்வு என்று காகிதத்தின்மேல் காகிதம் வைத்திருக்கிறது. அவற்றில் கையெழுத்துப் போடுகிறவரும் அதே மருத்துவமனையின் சம்பளக்காரர்தான்.

ஆகவே கவுன்சலிங்குக்குத் தரும் விருப்பப் பட்டியலில் அந்த மருத்துவமனையின் பெயரைச் சேர்ப்பதற்கு முன்னால் உங்கள் மகள் நேரில் போய், நிர்வாக அலுவலகத்தைத் தவிர்த்துவிட்டு, இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் பயிற்சி மருத்துவரைத் தனியே பார்த்துப் பேச வேண்டும். குடும்ப மருத்துவத்துக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறது, அதில் ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்க்க முடிகிறதா, வழிகாட்டி குடும்ப மருத்துவம் படித்தவரா அல்லது பெயருக்குப் போடப்பட்ட வேறு துறைக்காரரா, உதவித்தொகை மாதா மாதம் வங்கிக் கணக்குக்கு வருகிறதா, வந்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கிறார்களா, மகப்பேறு போஸ்டிங்கில் பிரசவம் பார்க்க விடுகிறார்களா அல்லது ஓரமாக நிற்க வைக்கிறார்களா, கடந்த ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் முதல் முறையிலேயே தேறினார்கள் என்று கேட்கட்டும். இறுதித் தேர்வில் மூன்று மணி நேரத் தாள்கள் நான்கு. அதன் பிறகு செய்முறைத் தேர்வு. ஆய்வேடு ஏற்கப்பட்டால்தான் பட்டம். தேர்ச்சி எளிதல்ல, தாமாகப் படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடும் மருத்துவமனையில் அது இன்னும் கடினம். கேள்விகளுக்கு அந்த இரண்டாம் ஆண்டு மருத்துவர் பதில் சொல்லாமல் சிரித்தால், அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பண விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டி.என்.பி. இடங்களில் நிர்வாக ஒதுக்கீடு என்று எதுவும் கிடையாது. நன்கொடை வாங்க மருத்துவமனைக்கு உரிமை கிடையாது. ஆண்டுக் கட்டணத்தை வாரியமே நிர்ணயிக்கிறது. குறைந்தபட்ச உதவித்தொகையையும் வாரியமே நிர்ணயித்து, மாநில அரசு தன் பயிற்சி மருத்துவர்களுக்குத் தரும் தொகையை ஒட்டித் தரும்படி சொல்கிறது. "மேனேஜ்மென்டில் பேசி வாங்கித் தருகிறேன்" என்று கைப்பேசியில் அழைப்பவர் உங்கள் மகளின் தரவரிசையை எங்கிருந்தோ விலைக்கு வாங்கியவர். கவுன்சலிங் பட்டியல் வெளிவரும் நாளில் அவர் பத்துப் பேரிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அதில் இரண்டு பேருக்குத் தாமாகவே சீட் கிடைத்துவிடும். அந்த இருவரும் அவருக்கு ஆயுளுக்கும் விளம்பரம். மற்ற எட்டுப் பேருக்குப் பணம் திரும்பாது. கவுரவம் கருதி அவர்கள் வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

எம்.டி., டி.என்.பி. இரண்டே வழி என்று சொன்னதற்கு ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும்; இதில்தான் பலரும் குழம்புகிறார்கள், குழப்பத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். குடும்ப மருத்துவத்தில் இரண்டாண்டு டிப்ளமோ ஒன்று உண்மையிலேயே உண்டு. பழைய மருத்துவ டிப்ளமோ இடங்களை முதுநிலைப் பட்டப் படிப்பு இடங்களாக மாற்றியதால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்ப, தேசியத் தேர்வு வாரியம் 2020ஆம் ஆண்டில் எட்டுத் துறைகளில் டிப்ளமோவை அறிமுகம் செய்தது. அவற்றில் குடும்ப மருத்துவமும் ஒன்று. அது முறையான படிப்பு. ஆனால் கவனியுங்கள்: அதற்கும் நீட் பி.ஜி. வேண்டும், அதற்கும் கவுன்சலிங் உண்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் முழு நேரமும் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் வாங்க முடியாது. இதே பெயரை ஒட்டி 'பி.ஜி. டிப்ளமோ', 'எக்ஸிக்யூட்டிவ் டிப்ளமோ', 'அட்வான்ஸ்டு டிப்ளமோ' என்று விற்கப்படுபவை வேறு. அவற்றிலும் இருவகை உண்டு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி 2006 முதல் நடத்திவரும் தொலைநிலைப் படிப்பு, ஏற்கெனவே ஊர்களில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர்களின் அறிவைக் கூர்மைப்படுத்துவதற்காக நேர்மையாக நடத்தப்படுவது. அதைப் படித்தவர்களின் மருத்துவத்தில் வித்தியாசம் தெரிகிறது. ஆனாலும் அது டி.என்.பி.க்கு மாற்று அல்ல. இன்னொரு வகை, சான்றிதழுக்காகவே நடத்தப்படுவது. உங்களிடம் முன்பணம் கேட்டவர்கள் எந்த வகை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மறுபடியும் சொல்கிறேன்: டிப்ளமோ என்ற சொல்லைப் பார்க்காதீர்கள், தருவது யார், சேர்ப்பது எந்தத் தேர்வு மூலம் என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மனத்தில் இருக்கும். தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் தேடுகின்றன. சொந்தமாக வைத்துக்கொண்டாலும் பிழைப்புக்குக் குறைவிராது. அரசுப் பணியில்தான் சிக்கல். 2002ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையிலேயே குடும்ப மருத்துவத்துக்கு இடங்களைக் கூட்ட வேண்டும் என்று எழுதினார்கள். 2017ஆம் ஆண்டின் கொள்கையிலும் எழுதினார்கள். அதற்குள் ஒரு தலைமுறை மாணவர்கள் படித்து வெளியேறிவிட்டார்கள். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் இன்னும் குடும்ப மருத்துவத் துறை என்று ஒரு அறைகூட இல்லை. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் பட்டத்துக்கென்று தனிப் பணியிடமும் இல்லை, எம்.பி.பி.எஸ். தகுதிக்கான இடத்தில்தான் உட்கார வேண்டும். பிரிட்டனில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் மேலும் சில ஆண்டுகள் பயிற்சி பெறாமல் குடும்ப மருத்துவராக முடியாது. அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டிலேயே இதைத் தனி நிபுணத்துவமாக ஏற்றுக்கொண்டார்கள், பயிற்சிக் காலம் மூன்றாண்டு. இங்கே ஹவுஸ் சர்ஜன் காலம் முடிந்த மறுநாளே பலகை மாட்டலாம் என்பதால், பயிற்சி எதற்கு என்று அரசே கேட்பதுபோல் இருக்கிறது. இதற்காக உங்கள் மகள் படிக்காமல் இருக்க வேண்டியதில்லை. அரசு வேலையை மட்டுமே நம்பி இந்தச் சீட்டை எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறேன்.

ஆக, மருத்துவமனை விசாரணையில் தேறினால் தாராளமாகச் சேரட்டும். தேறாவிட்டால் வேறு ஊரிலுள்ள மருத்துவமனையைப் பட்டியலில் மேலே வைக்கட்டும், தூரம் ஒரு பொருட்டல்ல. ஒருமுறை சேர்ந்துவிட்டு நடுவில் விட்டால், அந்தப் படிப்புக் காலம் முடியும் வரை வேறு டி.என்.பி. இடத்தில் சேர வாரியம் தடை விதிக்கும் என்பதால், பார்த்துக்கொள்ளலாம் என்று அரைமனத்தோடு சேர வேண்டாம். கவுன்சலிங்கில் எந்தச் சுற்று வரை நட்டமில்லாமல் விலகலாம் என்பது அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் இருக்கும். அதைத் தந்தையும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை முழுதும் படித்துவிட்டு, விருப்பப் பட்டியலை மகளே தம் கையால் பூட்டட்டும். கடவுச்சொல்லை ஆலோசனை மையத்திடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.